பழைய கரையைக் கடைசியில் வெட்டுங்கள்: வடசென்னைக் கழியில் ஓத நிலத்தை மீட்கும் முறை

எண்ணூர்க் கழியோரம் கைவிடப்பட்ட உப்பளத்தைத் திரும்பக் கழியோடு சேர்க்கலாம் என்று ஆர்வமாக வருகிறவர்கள், பெரும்பாலும் ஒரு மினி லாரி நிறைய அலையாத்தி நாற்றோடு வருகிறார்கள். நானும் அப்படித்தான் முதலில் போனேன். நாற்று கடைசி வேலை. பல இடங்களில் அது வேலையே இல்லை. இந்த வேலையில் நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி, செய்யும் வரிசை மாறிப்போவதால் வருபவை.

வேலை இதுதான். கழிக்கும் தாழ்வான நிலத்துக்கும் நடுவே ஒரு பழைய கரை நிற்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு ஆண்டுதோறும் மண் கொட்டுவதற்குப் பதில், ஊருக்குப் பக்கமாக உள்ளே தள்ளிப் புதிதாக ஒரு கரை போடுகிறோம். அது நிலைத்த பிறகு பழைய கரையை வெட்டி விடுகிறோம். நடுவில் இருக்கும் நிலத்தில் ஓதம், அதாவது கடலின் அன்றாட ஏற்ற வற்றத் தண்ணீர், ஏறி இறங்கும், சேறு படியும், செடி வரும். வெள்ளம் வந்தால் அது பரவ இடம் கிடைக்கும். இங்கிலாந்தின் தென்கரையில் மெட்மெரி என்ற இடத்தில் இதைப் பெரிய அளவில் செய்தார்கள். சுமார் 7 கி.மீ. நீளத்துக்கு உள்கரை போட்டு முடித்த பிறகுதான், 2013 செப்டம்பரில் கடலோரக் கரையைத் திறந்தார்கள். அவர்களிடம் கற்க வேண்டியது அந்த வரிசையை. அளவுகளை எடுத்து வராதீர்கள். அங்கே ஓதம் பல மீட்டர் ஏறி இறங்கும். நமக்கு அமாவாசை, பௌர்ணமியிலேயே சுமார் ஒரு மீட்டர்தான்.

கீழே உள்ளது சில ஏக்கர் முதல் சில பத்து ஏக்கர் வரையிலான நிலத்துக்கு. கரைக்குப் பின்னால் வீடுகள் இருந்தால், பொறியாளரின் கணக்கும் கையெழுத்தும் இல்லாமல் ஒரு கூடை மண்ணைக்கூட நகர்த்தாதீர்கள்.

1. எந்த வெள்ளம் என்று முதலில் பாருங்கள்

வடசென்னையில் மூன்று விதமாகத் தண்ணீர் வருகிறது. பூண்டி ஏரி திறந்து கொசஸ்தலை ஆற்றில் வருவது ஒன்று. மணலி புதுநகர், சடையங்குப்பம் பக்கத்தாருக்கு இது நன்றாகத் தெரியும். தெருவில் பெய்து தெருவிலேயே நிற்கும் மழை இன்னொன்று. கடல் ஏறி வருவது மூன்றாவது. ஐப்பசி, கார்த்திகையில் ஆற்று வெள்ளமும் ஓதமும் முகத்துவாரத்தில் முட்டிக்கொள்ளும். முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தால் நிலைமை இன்னும் மோசம்.

ஓத நிலம் இங்கே இரண்டு வகையில் உதவும். ஆற்று வெள்ளம் அகலமாகப் பரவ இடம் கொடுக்கும். அதோடு, ஒவ்வொரு ஏற்றத்திலும் அதிகத் தண்ணீர் உள்ளே போய் வெளியே வருவதால் முகத்துவாரத்து மணலை அரித்துக்கொண்டே இருக்கும். 10 ஏக்கரில் சராசரியாக அரை மீட்டர் தண்ணீர் ஏறி இறங்கினால் ஒரு தடவைக்குச் சுமார் 2 கோடி லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 1,700 லாரி.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ஊரில் வாக்குறுதி கொடுக்காதீர்கள். வெள்ளம் வரும் நேரத்தில் ஓதமும் ஏறியிருந்தால் அந்த இடம் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். அன்றைய ஓத மட்டத்துக்கும் புதுக் கரையின் தலைக்கும் நடுவில் உள்ள இடம் மட்டுமே வெள்ளத்துக்கானது. தெருவில் நிற்கும் மழைநீருக்கு இந்த வேலையால் பயனே இல்லை; கவனமில்லாமல் செய்தால் கெடுதல்கூட உண்டு, அதை 6இல் சொல்கிறேன். எண்ணூர் விரைவுச்சாலையை ஒட்டிய கடல் அரிப்புக்கும் இது மருந்தல்ல. அங்கே கரையைப் பின்னால் தள்ள நிலமே கிடையாது.

2. நிலமும் அனுமதியும்

சர்வே எண்ணை வைத்து அ-பதிவேடு (நிலம் யாருடையது, எந்த வகை என்ற வருவாய்ப் பதிவு), புலப்படம் (நில அளவை வரைபடம்) இரண்டையும் எடுங்கள். பார்க்கப் புறம்போக்கு மாதிரி இருக்கும் உப்பளம், மத்திய அரசின் உப்புத் துறை நிலமாக இருக்கலாம். குத்தகை முடிந்ததா, யார் பெயரில் இருந்தது என்பதும் தெரிய வேண்டும். கழியின் தென்கரை சென்னை மாவட்டம். வடக்கே அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி பக்கம் திருவள்ளூர் மாவட்டம். நிலம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் மனு கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் அலைந்தவர்கள் உண்டு.

அடுத்தது கடலோர ஒழுங்குமுறை மண்டலம். அலையாத்தி இருக்கும் இடம் அதில் மிகக் கடுமையான பிரிவில் வரும். அரசு நிலத்தில் 1,000 சதுர மீட்டருக்கு மேல் அலையாத்தி இருந்தால் சுற்றி 50 மீட்டர் பாதுகாப்புப் பட்டையும் உண்டு. நல்ல காரியம்தானே என்று அனுமதி இல்லாமல் ஜேசிபியை இறக்கினால் அதுவும் மீறல்தான். மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையம், நீர்வளத் துறை, மாவட்ட நிர்வாகம் மூன்றிடமும் எழுத்தில் வாங்குங்கள். காப்புக்காடு என்றால் வனத் துறையிடமும்.

காகிதத்துக்கு முன்னால் ஊர். காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம் போன்ற ஊர்களில் மீனவப் பஞ்சாயத்துதான் பேச வேண்டிய இடம். யார் எங்கே வலை வைக்கிறார்கள், கையால் தடவி இறால் பிடிப்பவர்கள் எந்தச் சேற்றில் இறங்குகிறார்கள், படகு எந்த வழியாகப் போகிறது என்பதை வரைபடத்தில் அவர்களையே குறிக்கச் சொல்லுங்கள். பழைய கரையில் தண்ணீர் போய்வர நீங்கள் வெட்டப்போகும் வாய் ஒருவருடைய வலைக்கு நேர் எதிரே விழுந்தால், தண்ணீரின் இழுப்பு மாறி அவர் பிழைப்பு போகும்.

3. மட்டம் எடுப்பது

இதில்தான் புதியவர்கள் அதிகமாக விழுகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அலையாத்தி எல்லா உயரத்திலும் வராது. சராசரிக் கடல்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே தொடங்கி, பௌர்ணமி ஏற்றம் தொடும் உயரம் வரைதான் அதற்கான இடம். சென்னைக் கடலில் அந்தப் பட்டையின் உயரமே சுமார் அரை மீட்டர். அதற்குக் கீழே போனால் வெறும் சேறு. மேலே போனால் உமரி என்ற உப்புநிலச் செடியும் உப்புப் பொருக்கும். முழங்கால் உயரத்துக்குள் எல்லாம் அடங்கிவிடுகிற இடத்தில் 20 செ.மீ. பிழை என்பது மொத்த வேலையும் பிழை.

முதல் குழி: துறைமுக ஓத அட்டவணை ஒரு பூஜ்யத்திலிருந்து அளக்கிறது, சர்வேயர் வேறொரு பூஜ்யத்திலிருந்து அளக்கிறார். அட்டவணையின் பூஜ்யம் கடல் வற்றும்போது வரும் தாழ்ந்த மட்டத்தை ஒட்டியது. சர்வேயரின் பூஜ்யம் சராசரிக் கடல்மட்டம். சென்னையில் இரண்டுக்கும் அரை மீட்டருக்கு மேல் வித்தியாசம். எங்கள் முதல் நிலத்தில் இரண்டையும் ஒன்றென்று நினைத்து வரைபடம் போட்டோம். காகிதத்தில் அழகாக ஓதம் ஏறியது. நிலத்தில் பௌர்ணமிக்குக்கூட ஏறவில்லை. ஒரு பெரியவர் கரையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, “தம்பி, தண்ணிய நீங்க வரச் சொன்னீங்க, அது கேட்டுச்சா?” என்றார்.

இரண்டாவது குழி: துறைமுகத்தில் இருக்கும் ஓதம் கழிக்குள் அப்படியே வராது. முகத்துவாரம் குறுகலாக இருந்தால் உள்ளே ஏற்றம் குறையும், நேரமும் தள்ளிப்போகும். அதனால் அட்டவணையை ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் நிலத்துக்கு எதிரே கழியில் ஒரு அளவுகோலை நடுங்கள். செ.மீ. குறித்த பலகையை இரும்புக் குழாயில் கட்டினால் போதும். அதன் பூஜ்யத்தை சர்வேயரை வைத்து அருகிலுள்ள நிலையான மட்டக் குறியோடு (உயரம் ஏற்கெனவே தெரிந்த அளவைக் குறி) இணைத்துவிடுங்கள். அதே குறியிலிருந்து நிலத்தின் மட்டமும் எடுத்தால், தண்ணீரும் நிலமும் ஒரே கணக்கில் வரும்.

மூன்றாவது, பருவம். வங்காள விரிகுடாவில் நம் கரையோரம் ஐப்பசி, கார்த்திகையில் கடலின் சராசரி மட்டமே உயர்ந்திருக்கும். பங்குனி, சித்திரையில் தாழ்ந்திருக்கும். கோடை விடுமுறையில் வந்து ஒரு மாதம் அளந்துவிட்டுப் போகிறவர்கள் கரையைத் தாழ்வாகப் போடுவார்கள். இரண்டு பருவத்திலும் குறைந்தது ஒரு முழு மாதம், அமாவாசை முதல் அமாவாசை வரை, பகல் ஏற்றம், இரவு ஏற்றம் இரண்டையும் குறியுங்கள். இரவு யார் பார்ப்பது என்று கேட்பார்கள். அளவுகோலில் சுண்ணாம்பு பூசி வைத்தால் ஏறின தடம் காலையில் தெரியும்.

4. மண்ணும் கிணறும்

எண்ணூர்ப் பக்கம் நிலத்தைத் தோண்டினால் சாம்பல் வருமா என்பதை முதலில் பாருங்கள். அனல்மின் நிலையச் சாம்பல் கழியில் பல இடங்களில் படிந்திருக்கிறது. கைத்துளைக் கருவியால் ஒரு மீட்டர் ஆழம் வரை பல இடங்களில் எடுங்கள். மேலே களிமண், நடுவில் சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி ஒரு அடுக்கு வந்தால் நிறுத்துங்கள். ஓதம் உள்ளே வந்தால் அந்தச் சாம்பலையும் அதிலுள்ள உலோகங்களையும் கழிக்கு இழுத்துக்கொண்டு போகும். ஆய்வகத்தில் கன உலோகச் சோதனை செய்து, எடுத்து அப்புறப்படுத்தும் வழி தெரியும்வரை அந்த நிலத்தைத் திறக்கக் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழியில் எண்ணெய் பரவியது. அதனால் எண்ணெய்ப் பசைக்கும் சோதனை கேளுங்கள்.

அடுத்து, நிலத்தைச் சுற்றியுள்ள கிணறுகளிலும் அடிபம்புகளிலும் உப்பு அளவை எடுத்துத் தேதியோடு எழுதி வையுங்கள். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் புகுந்தது பழைய கதை. திறப்பதற்கு முன்பே கரித்த கிணற்றுக்கும் உங்கள் மேல்தான் பழி வரும். உண்மையாகவே உங்களால் கரித்தாலும் தெரிய வேண்டும் அல்லவா?

சீமைக்கருவேலத்தை இப்போதே வேரோடு எடுத்துவிடுங்கள். உப்புத் தண்ணீர் தினமும் ஏறினால் அது பட்டுப்போகும்தான். ஆனால் சேற்றுக்குள் நிற்கும் கட்டை வலையைக் கிழிக்கும், காலையும் கிழிக்கும்.

5. பழைய ஓடை எங்கே இருந்தது

உப்பளம் ஆவதற்கு முன் அங்கே ஓடைகள் இருந்திருக்கும். பழைய நில அளவைப் படத்திலும், செயற்கைக்கோள் படங்களைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தாலும் வளைந்த தடம் தெரியும். மழை பெய்த மறுநாள் நிலத்தில் நடந்தால் இன்னும் தெளிவு; தண்ணீர் எங்கே கடைசியாக வற்றுகிறதோ அதுதான் பழைய தடம். வாய் வெட்டும் இடமும் உள் வாய்க்காலும் இந்தத் தடத்திலேயே அமையட்டும். நேர்கோட்டில் புது வாய்க்கால் வெட்டினால் ஓதம் தனக்குப் பிடித்த வழியைத் தேடி ஓரங்களை அரிக்கும்.

உயர் அழுத்த மின்கோபுரம், சாம்பல் குழாய், எரிவாயுக் குழாய் எல்லாம் எங்கே போகின்றன என்று இதே படத்தில் குறியுங்கள். கோபுர அடித்தளத்துப் பக்கம் ஓட்டம் போகவே கூடாது.

6. உள்கரை

தை தொடங்கி ஆனிக்குள் உள்கரையை முடியுங்கள். பழைய கரை அப்படியே நிற்க வேண்டும். புது மண் ஒரு வடகிழக்குப் பருவமழையைப் பார்க்க வேண்டும். எங்கே இறங்குகிறது, எங்கே கசிகிறது என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். பழைய கரை இருக்கும்வரை கோளாறைச் சரி செய்ய அவகாசம் உண்டு. அதை வெட்டிவிட்டால் கிடையாது.

உயரத்துக்குக் கணக்கு: ஐப்பசி, கார்த்திகையில் நீங்கள் குறித்த உச்ச ஓதம், ஊரில் சுவர்களில் தெரியும் பழைய வெள்ளத் தடம் இரண்டில் எது உயரமோ அது; அதோடு அலைக்குக் கொஞ்சம், மண் அமுங்குவதற்குக் கொஞ்சம். வெள்ளத் தடத்தை 2015இலும் 2023இலும் வீட்டில் இருந்தவர்களிடம் கேளுங்கள், கையை வைத்துக் காட்டுவார்கள். அதையும் உங்கள் மட்டக் குறியோடு இணைத்து அளங்கள்.

களிமண்ணை 20 முதல் 25 செ.மீ. அடுக்காகப் போட்டு, ஈரம் பார்த்து, உருளை விட்டு இறுக்குங்கள். லாரியில் கொட்டி மேலே மட்டும் தட்டினால் உள்ளே பொந்து இருக்கும். நண்டு அதைக் கண்டுபிடித்துவிடும். கழிப் பக்கச் சரிவு நன்றாகப் படுத்திருக்கட்டும், உயரம் ஒன்றுக்குக் கிடை மூன்று அல்லது அதற்கு மேல். செங்குத்தான கரையை அலை அடியில் அரித்துவிடும். கரைக்கு மண்ணை அதன் அடியிலேயே தோண்டி எடுப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ஜேசிபிக்கு அது சுலபம், டீசல் மிச்சம். ஆனால் அந்தப் பள்ளம் பிறகு வாய்க்காலாகி, ஓட்டம் முழுவதும் கரையின் காலடியில் ஓடும். நிலத்தின் நடுவில், பழைய ஓடைத் தடத்தில் தோண்டிய மண்ணைக் கொண்டு வாருங்கள். ஒரே செலவில் இரண்டு வேலை முடியும்.

இப்போது 1இல் பாக்கி வைத்த விஷயம். உள்கரை போட்டதும் அதன் பின்னால் இருக்கும் தெருத் தண்ணீர் எங்கே போகும்? முன்பு வழிந்து உப்பளத்துக்குள் போனது. இனி கரை தடுக்கும். அதனால் கரை போடும்போதே தாழ்ந்த இடங்களில் குழாயும், கழிப் பக்கம் தானாக மூடிக்கொள்ளும் ஒருவழிக் கதவும் வையுங்கள். ஓதம் ஏறினால் மூடும், வற்றினால் திறந்து ஊர்த் தண்ணீரை விடும். ஓதம் இறங்காமல் மழையும் விடாமல் கொட்டும் நாளுக்கு மோட்டார் வைக்க ஒரு மேடை. கதவில் பிளாஸ்டிக் பையும் தெர்மகோலும் மாட்டிக்கொண்டு திறந்தே நிற்பது வாடிக்கை. முன்னால் கம்பி வலை போட்டு, அதைச் சுத்தம் செய்ய ஒருவரை மாதச் சம்பளத்துக்கு வையுங்கள். யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

7. உள்ளே வாய்க்கால்

உப்பளத்தின் தரை பல்லாண்டு மிதித்து இறுக்கியது, பாத்தி பாத்தியாகப் பிரிந்தது. கரையை மட்டும் திறந்தால் தண்ணீர் உள்ளே வரும், பாத்திகளில் தேங்கும், வெயிலில் காயும், உப்பு ஏறிக்கொண்டே போகும். அலையாத்தி கடல்நீரைத் தாங்கும், உப்புப் பாகைத் தாங்காது. பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் அழிந்த இடங்களை மீட்டபோது கண்டதும் இதுதான்: தரை தட்டு மாதிரிக் குழிந்து தண்ணீர் தேங்கியதே மரம் வராததற்குக் காரணம். அங்கே ஒரு தாய் வாய்க்காலும் இரு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்களுமாக, மீன்முள் வடிவத்தில் வெட்டினார்கள்.

அதே வடிவத்தைப் பழைய ஓடைத் தடத்தோடு பொருத்துங்கள். பாத்தி வரப்புகளை இடித்துச் சமன் செய்யுங்கள். தண்ணீர் வருவதைவிட முழுவதும் வெளியேறுகிறதா என்பதுதான் முக்கியம். வற்றத்தில் போய்ப் பார்த்தால், கணுக்காலுக்கு மேல் எங்கும் தேங்கக் கூடாது. தேங்குகிற குட்டைதான் கொசுவுக்கும் இடம்.

8. வாய் வெட்டுதல்

மழைக்காலம் முடிந்து, உள்கரையின் கோளாறுகளைச் சரி செய்த பிறகு, தை அல்லது மாசியில் வெட்டலாம். நாள் பார்க்கத்தான் வேண்டும்: அஷ்டமி, நவமி. அப்போது ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் குறைவு, ஓட்டம் மந்தம், இயந்திரம் நிதானமாக வேலை செய்யலாம். வற்றத்தில் தொடங்கி, உள்பக்கம் முழுவதும் தோண்டி முடித்துவிட்டு, கழியை ஒட்டிய கடைசித் துண்டை மட்டும் இறுதியில் எடுங்கள். இயந்திரம் கரையின் மேல் நிற்கட்டும், வெளியேறும் வழி எந்தப் பக்கம் என்று ஓட்டுநருக்கு முன்பே தெரிந்திருக்கட்டும். ஒரு வாரத்தில் பௌர்ணமி அல்லது அமாவாசை ஓதம் வந்து வாயைத் தானே அகலப்படுத்தும்.

பயத்தில் குறுகலாக வெட்டுவது வழக்கமான பிழை. சின்ன வாய் என்றால் தண்ணீர் குழாயிலிருந்து பீறுவது மாதிரிப் பாய்ந்து, எதிரே கழிப் படுகையைத் தோண்டி, படகையும் இழுக்கும். பக்கத்தில் அதே அளவு நிலத்துக்குத் தண்ணீர் கொண்டு போகும் இயற்கை ஓடை எவ்வளவு அகலம் என்று அளந்து, அதைவிடக் குறையாமல் வெட்டுங்கள். தரைமட்டத்தை உள் வாய்க்காலுக்குச் சமமாகவோ தாழ்வாகவோ வையுங்கள். வாயில் மேடு இருந்தால் உள்ளே தண்ணீர் சிறைப்படும். வெட்டிய மண்ணைக் கழியில் தள்ளாதீர்கள்.

வெட்டும் நாளை மீனவப் பஞ்சாயத்தில் ஒரு வாரம் முன்பே சொல்லி, கரையில் சிவப்புக் கொடி கட்டுங்கள்.

9. செடி

ஒன்றும் நடாமல் ஒரு மழைக்காலம் காத்திருங்கள். இங்கே இயல்பாக வருவது வெண்கண்டல் என்ற அலையாத்தி வகை. அதன் விதை மழைக்காலத்தை ஒட்டி விழும், மிதந்து வரும். உங்கள் மட்டம் சரியாக இருந்தால் ஓதம் ஒதுக்கிய கோட்டிலேயே முளைத்து நிற்கும். உமரி அதற்கு முன்பே மேட்டில் படரும். உமரி எங்கே வருகிறது, எங்கே வரவில்லை என்பதை வைத்தே உப்பும் உயரமும் சரியா என்று சொல்லிவிடலாம்.

கழியில் பக்கத்தில் தாய் மரங்களே இல்லை, விதை வரவில்லை என்றால் மட்டும் நடுங்கள். அப்போதும் வெண்கண்டல்தான். சுரபுன்னை என்ற இன்னொரு அலையாத்தியின் நாற்று பார்க்க அழகு, புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும், தலைவர்கள் வந்து நடுவார்கள். நாங்கள் வரிசை வரிசையாக நட்ட சுரபுன்னை கார்த்திகை வெள்ளத்தில் பாதியும், ஆடு மாடு மேய்ந்து மீதியுமாகப் போயிற்று. தாழ்ந்த சேற்றுத் திட்டில் எதையும் நடாதீர்கள். அது பறவை இரை தேடும் இடம், கையால் இறால் தடவும் இடம்.

10. திறந்த பிறகு இரண்டு வருடம்

முதல் மாதம் தினமும் உள்கரையை நடந்து பாருங்கள். கசிவு தெளிந்த தண்ணீராக வந்தால் கவனியுங்கள். கலங்கலாக வந்தால் உள்ளே மண் போகிறது, அன்றே அடைக்க வேண்டும். அப்புறம் வாரம் ஒருமுறை போதும், புயல் எச்சரிக்கை வந்தால் முன்னும் பின்னும்.

நிலத்தில் பத்துப் பன்னிரண்டு இடங்களில் குழாய் ஊன்றி, தரைக்கு மேல் எவ்வளவு தெரிகிறது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளங்கள். குறைந்தால் சேறு படிகிறது, கூடினால் அரிக்கிறது. ஒரே இடத்தில் நின்று ஒரே திசையில், வற்றத்தில் படம் எடுத்து வையுங்கள். கிணற்று உப்பை 4இல் எடுத்த அதே கிணறுகளில் எடுங்கள்.

வாய்க்கால் அடியில் காக்கா ஆழி என்று மீனவர்கள் சொல்லும் அயல் மட்டி கம்பளம் மாதிரி படர்ந்தால் ஓட்டம் அடைபடும், இறால் இறங்க இடமிருக்காது. எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரை இந்தத் தொல்லை இருக்கிறது. கொத்துக் கொத்தாகத் தொடங்கும்போதே கோடை வற்றத்தில் ஆள் வைத்து வாரிக் கரையேற்றுங்கள். தண்ணீரிலேயே உடைத்துப் போட்டால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். கையுறை கட்டாயம், ஓடு பிளேடு மாதிரி வெட்டும்.